குமிழிக்காரிக்காக ஒரு மனு

எழுதுங்கய்யா. பெறுநர், உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள். அதெல்லாம் நீங்களே போட்டுருவீங்க, இத்தனை வருசமா கலெக்டராபீஸ் வாசல்ல உக்காந்து மனு எழுதுறீங்க, ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. அனுப்புநர், சாத்தையா, தகப்பன் பேரு வெள்ளக்கண்ணு, சூரமடை கிராமம். பொருள்னு ஒண்ணு போடுவீங்கள்ல, அதுல இப்படிப் போடுங்க: எங்க ஊர் குமிழிக்காரியைக் கேவலப்படுத்தி எடுத்த சினிமாப் படத்தைத் தடை செய்யக் கோருதல்.

சிரிக்காதீங்கய்யா. எனக்கு வயிறு எரியுது. ஆவணி பன்னெண்டாந் தேதி என் அக்கா மக தவமணிக்குக் கல்யாணம். நான் ஒருத்தந்தான் தாய்மாமன், வேற நாதி கிடையாது. அந்தத் தேதிக்குள்ள அந்தப் படம் பூராப் பொய்யின்னு சர்க்கார் முத்திரை குத்துன ஒரு தாள் எனக்கு வேணும். அதை எங்க அக்கா இருளாயி கையில குடுக்கணும். அம்புட்டுத்தான் என் கோரிக்கை. மத்ததை நீங்க ஜோடிச்சு எழுதிக்கங்க.

மொதல்ல குமிழின்னா என்னன்னு எழுதணும், கலெக்டர் வெளியூர்க்காரரு, அவருக்குத் தெரியாது. எங்க கண்மாய்க்குள்ள, கரையில இருந்து கொஞ்சம் தள்ளி, ரெண்டு கல்லுத்தூண் நிக்கும். அதுதான் குமிழி. அதுக்கு அடியிலதான் மடை. கண்மாய் நிறைஞ்சிருச்சுன்னா தூணோட தலை மட்டுந்தான் வெளிய தெரியும். வயலுக்குத் தண்ணி விடணும்னா ஒருத்தன் முங்கிப் போயி, அடியில இருக்கிற கல்லு மூடியைப் பெரட்டணும். மூடி பெரண்டுச்சுன்னா தண்ணி அந்த ஓட்டைக்குள்ள பாயும் பாருங்க, கையோ காலோ பக்கத்துல இருந்தா ஆளையும் சேர்த்து உள்ள இழுக்கும்.

அங்கதான் அவ இருக்கா. உடம்பு விலாங்கு மாதிரி, தலைமயிர் பாசி, கை மட்டும் பொம்பளக் கை, வளையல் போட்ட கை. முங்குறவன் கரண்டைக் காலைப் பிடிப்பா. அவ பிடிச்சுட்டா தண்ணிமேல மூணு குமிழி வரும், பெறவு ஆளு வரமாட்டான். எங்க மச்சான் பூவலிங்கத்தை, அக்கா வீட்டுக்காரரை, அவதான் கொண்டு போனா. இருபத்தோரு வருசம் ஆச்சு. தவமணி அப்ப அக்கா வயித்துல அஞ்சு மாசம். இதை நல்லா அழுத்தி எழுதுங்க. கொண்டு போனது குமிழிக்காரி.

கயிறா? கயிறு இருந்துச்சு, இல்லாம எப்படி. முங்குறவன் இடுப்புல கயித்தைக் கட்டி, மறுமுனையைக் கரையில ஒருத்தன் பிடிச்சிருக்கணும். அதையும் எவன் வேணா பிடிச்சிர முடியாது. அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, பங்காளிக்குக் காணி மேல கண்ணு இருக்கும். மச்சினன்தான் பிடிக்கணும். பொண்டாட்டிகூடப் பொறந்தவன் பிடிச்சா, அக்கா தங்கச்சி தாலியை நெனச்சுக் கைய விடமாட்டான். அது எங்க ஊர் வழக்கம். நான்தான் பிடிச்சிருந்தேன். அவ இழுத்த இழுப்புல கயிறு என் கையை அறுத்துக்கிட்டு ஓடிப் போச்சு. கயித்தோடதான் மச்சான் பொணம் ரெண்டாம் நாள் மெதந்துச்சு, இடுப்பு முடிச்சு கூட அவுறல. ஊரே என்னையப் பார்த்து அழுதுச்சு, பாவம் சின்னப்பயன்னு.

இப்ப சினிமாக்காரன் கதைக்கு வர்றேன். போன தை மாசம் ஒரு வேன் வந்துச்சு. டைரக்டர் தமிழினியன்னு ஒருத்தர், தாடி, கண்ணாடி, பார்த்தா வாத்தியார் மாதிரி இருப்பாரு. பேயிப் படம் எடுக்கிறோம், ஆனா அந்தந்த ஊர்ல இருக்கிற பேயி, இந்த ஊர்ல மடையில ஏதோ இருக்காமேன்னு டீக்கடையில கேட்டிருக்காரு. எல்லாரும் என்னைய கையக் காட்டிட்டாங்க. சாத்தையாகிட்டக் கேளுங்க, அவன்தான் நேர்ல பார்த்தவன்னு.

சொன்னா வெக்கம் என்னய்யா, எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இருபத்தோரு வருசமா எங்க ஊர்ல மச்சான் பேச்சுத்தான். பூவலிங்கம் மாதிரி முங்க ஆளு உண்டா, பூவலிங்கம் இருந்தா இந்த வரப்புத் தகராறு வருமா. செத்தும் அந்த ஆளு நடு வீட்டுலதான் உக்காந்திருந்தாரு. நான் பூவலிங்கம் மச்சினன். அந்த ஆளு உசுரோட இருக்கையில மச்சினன், செத்த பெறகும் மச்சினன். மொத மொத ஒருத்தர் நோட்டும் போனுமா வந்து, அண்ணே நீங்க சொல்லுங்கண்ணேன்னு என் வாயைப் பார்த்து உக்காந்தாரு. மூணு நாளு சொன்னேன். வளையல் சத்தம் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுச்சான்னா, கேட்ட மாதிரித்தான் இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் நான் சொல்லல. ஒங்ககிட்டச் சொல்றேன், ஆனா இதை மனுவில எழுத வேணாம். குமிழிக்காரி முந்தி மனுசியா இருந்தவதான். அவ புருசனும் மடையில முங்குறவன். அவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல, கயிறு பிடிக்க ஆளில்ல, கயிறு இல்லாமப் போனவன் வரவே இல்ல. அவனைத் தேடி இறங்குனவ அங்கயே தங்கிட்டா. அதனால மச்சினன் பிடிச்ச கயித்தோட வர்றவனை அவ தொடமாட்டான்னு ஒரு பேச்சு உண்டு. பொறந்தவன் உள்ள பொம்பளையோட தாலியை அவ அறுக்க மாட்டாளாம். கிழவிக கதை. எழுத வேணாம்னு சொல்றேன், நீங்க பாட்டுக்கு எழுதுறீங்களே. அடிச்சிருங்க அதை.

நான் சொல்லாட்டி என்ன, அக்கா சொல்லியிருக்கா. அவ வெள்ளந்தி. படக்காரவங்களுக்குச் சோறாக்கிப் போட்டா, போடும்போது அந்த டைரக்டர் அம்மா அம்மான்னு நோண்டியிருக்காரு. இவளும் எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கா. எங்க ஊர்க் குமிழிக்காரி கயிறு கட்டுனவனைத் தொடமாட்டாய்யா, என் விதி, எனக்கு மட்டும் தொட்டுட்டா. என் தம்பி எட்டு நாள் ரெண்டு கையிலயும் துணியைச் சுத்திக்கிட்டு ஒரு வாய் சோறு பிசைய முடியாமக் கெடந்தான்யா, நான்தான் ஊட்டி விட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதிருக்கா.

ஊட்டித்தான் விட்டா. தாலி அறுத்த மறுநாளு, வயித்துப் புள்ளையோட, முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு எனக்கு ஊட்டுனா. எங்க அக்கா மாதிரி ஒருத்தியை நீங்க பார்க்க முடியாதுய்யா. எங்காத்தா செத்ததுல இருந்து அவதான எனக்கு ஆத்தா. அன்னைக்கு அம்மியில மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சுக் கொண்டாந்து, கையைக் காட்டுடா போட்டு விடுறேன்னா. நீ இருக்கிற இருப்புல எனக்கு மருந்து போடணுமா, வச்சிட்டுப் போ, நானே போட்டுக்கிறேன்னு சொல்லிட்டேன். எட்டு நாளும் அரைச்சா. எட்டு நாளும் நானே போட்டுக்கிட்டேன்.

சரி, படப்பிடிப்பு. ஒரு நாளு டைரக்டர் கூப்பிட்டாரு. அண்ணே, கயிறு பிடிக்கிற வேசத்துல நடிக்கிற பையனுக்குக் கையில தழும்பு மேக்கப் போடணும், கயிறு அறுத்த தழும்பு எப்படி இருக்கும்னு ஒங்க கையை ஒரு தரம் பார்க்கலாமான்னு கேட்டாரு. நானும் வெகுளியா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டேன். மேக்கப்காரர் குனிஞ்சு பார்த்தாரு, டைரக்டரைப் பார்த்தாரு. மம்பட்டி பிடிச்ச கையில தழும்பு எங்கய்யா நிக்கும், எல்லாம் காய்ப்பேறிப் போயிருச்சுன்னு நானேதான் சொன்னேன். டைரக்டர் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, தேங்ஸ்ணேன்னாரு. அன்னைக்கு மத்தியானம் அவரு சாப்பிட வரல.

ஆடி மாசம் படம் வந்துச்சு. பேரு 'மடைவாசி'. மானாமதுரையில ஓடுதுன்னதும் நான்தான்யா வேன் பேசினேன். ஊர்ல பாதிப்பேரைக் கூட்டிட்டுப் போனேன். அக்கா தேட்டருக்குப் போயி இருபத்தோரு வருசம் ஆச்சு, வரமாட்டேன்னவளை, ஏ வாக்கா, மச்சானைப் பத்தின படம்னு இழுத்துட்டுப் போயி என் பக்கத்துலயே உக்கார வச்சேன். படம் போடுறதுக்கு முந்தி நன்றின்னு ஒரு பட்டியல் போட்டான். அதுல சூரமடை சாத்தையான்னு வந்துச்சு. எங்க பயலுக விசிலடிச்சானுக. அக்கா என் கையைத் தட்டிக் குடுத்தா. அதோட சரி.

படத்துல மொதப் பாதி நான் சொன்னதுதான். விலாங்கு உடம்பு, பாசி மயிரு, வளையல் சத்தம், எல்லாம் அச்சு அசலா வந்துச்சு. புள்ளைக பயந்து அழுதுச்சுக, எனக்குப் பெருமையா இருந்துச்சு. இடைவேளையில ஆளாளுக்கு என்கிட்ட வந்து பேசினாக. ரெண்டாம் பாதியில வெளியூர்ல இருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வர்றான். வந்தவன் மடையைப் பார்க்குறான், கதையைக் கேக்குறான். கேட்டுட்டு ஒரு கேள்வி கேக்குறான்: கயிறு கட்டுனவனை அவ தொடமாட்டான்னு நீங்களே சொல்றீங்க, அப்ப இவனைத் தொட்டது யாரு?

பெறகு அந்த இன்ஸ்பெக்டர் மச்சினன்காரன் வீட்டுக்குப் போறான். கையில சுத்துன துணியோட அவன் கட்டில்ல உக்காந்திருக்கான். இன்ஸ்பெக்டர் அந்தத் துணியைச் சுத்துச் சுத்தா அவுக்குறான். உள்ளங்கையை விரிக்கிறான். ஒரு கீறல் கிடையாது, மஞ்சக்கறை மட்டும் இருக்கு. அதைத் திரை முழுக்கக் காட்டுறான்யா, தெரு அகலத்துக்கு ரெண்டு கை. எனக்கு முன் வரிசையில இருந்தவுக எல்லாம் திரும்பி என்னையப் பார்த்தாக. அக்கா திரும்பல. திரையையே பார்த்துக்கிட்டு இருந்தா.

வேன்ல வரும்போது அவ டிரைவர் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டா. மறுநாள் டீக்கடைக்குப் போனேன். உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆகணும்னு ஒருத்தன் கிளாஸைப் பார்த்துச் சொல்றான். பேர் தெரியும், எழுத வேணாம். எனக்குப் பேசி வச்சிருந்த பொண்ணைக் கட்டுனவன்ங்கிற திமிரு அவனுக்கு.

வீட்டுக்கு வந்தா அக்கா நிக்கிறா. நான் தனியாளுதான, இருபத்தோரு வருசமா எனக்குக் கஞ்சி அவதான் கொண்டாருவா. அன்னைக்குத் தூக்குவாளி இல்ல, வெறுங்கையா வந்திருந்தா. கையைக் காட்டுன்னா. ஏக்கா, சினிமாக்காரன் சொல்றதையெல்லாமா நம்புவேன்னேன். கையைக் காட்டுடான்னா. காட்டினேன். கட்டைவெரலால உள்ளங்கையை அழுத்தித் தேச்சுப் பார்த்தா, பாத்திரத்துல கரி போகுதான்னு பார்க்கிற மாதிரி. ரெண்டு கையையும் பார்த்தா. பார்த்துட்டு, மஞ்சள் அரைச்சேனேடான்னா.

அம்புட்டுத்தான்யா சொன்னா. அடிச்சிருந்தாக் கூட வாங்கியிருப்பேன். மஞ்சள் அரைச்சேனேடான்னு சொல்லிட்டுப் படியிறங்கிப் போயிட்டா.

இந்தா பாருங்க, கல்யாணப் பத்திரிகை. எனக்குக் குடுக்கல, வேற வீட்டுல இருந்து வாங்கிட்டு வந்தேன். சித்தப்பன் பேரு இருக்கு, பெரியப்பன் பேரு இருக்கு, மைக்செட்டுக்காரன் பேரு கூட இருக்கு. தாய்மாமன்னு போடுற எடத்துல ஒண்ணுமே இல்ல. தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம எந்தப் புள்ளை மணவறைக்குப் போகும், நீங்களே சொல்லுங்க. தகப்பன் முகம் பார்க்காத புள்ளைய்யா அது. காது குத்துக்கு என் மடியிலதான் உக்காந்துச்சு, சடங்குக்கு நான்தான் பச்சை ஓலை கட்டினேன். பெரிய மனுசங்களை விட்டுக் கேக்கச் சொன்னேன். அக்கா என்ன சொன்னாளாம் தெரியுமா. எனக்குக் கூடப் பொறந்தவன் இல்லன்னு நெனச்சுக்கிறேன், குமிழிக்காரிக்கும்தான் இல்லன்னாளாம்.

அதான்யா மனு. ஒரு தெய்வம் மாதிரி இருக்கிறவளை, அவ ஒண்ணுமே பண்ணலன்னு படம் எடுத்தா அது அவளுக்குக் கேவலம் இல்லையா. ஊர் ஊரா அவளைப் பார்த்துப் பயந்தது போயி, இப்பப் புள்ளைக குமிழித் தூண்ல ஏறிக் குதிக்குதுக. அவ பேரை அவளுக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க.

பொய்யெல்லாத்தையும் வரிசையாச் சொல்லச் சொன்னீங்கள்ல. எழுதிக்கங்க. குமிழிக்காரி இல்லன்னு காட்டினது ஒரு பொய். மச்சினன்காரன் காணிக்கு ஆசைப்பட்டான்னு காட்டினது ஒரு பொய், எனக்கு அந்த ஆளு காணியில ஒரு பிடி மண்ணு வேணாம். எல்லாத்தையும் விடப் பெரிய பொய், படத்துல அவன் எடுத்த எடுப்புலயே கயித்தை விட்டுர்றான். மச்சான் முங்குறாரு, அவன் சிரிச்சுக்கிட்டே கையைத் தொறக்குறான். எந்த மனுசனாச்சும் அப்படிச் செய்வானாய்யா. கூடப் பொறந்தவ தாலி அது.

நடந்தது என்னன்னு சொல்றேன், சரியா எழுதுங்க. அன்னைக்குக் கரையில ஊரே நின்னுச்சு. மச்சான் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு, மாப்ள, கயித்தைக் கையில பிடிக்கணும், கனவுல பிடிச்சிரக் கூடாதுன்னாரு. கொல்லுனு சிரிச்சாக. எனக்குப் பேசி வச்சிருந்த பொண்ணும் நின்னா, அவளும் சிரிச்சா. மச்சான் முங்குனாரு. மூடி பெரண்டுச்சு. மடை தொறந்தா எல்லாரும் கரையோட அந்தப் பக்கம் ஓடிருவாக, வாய்க்கால்ல தண்ணி வர்றதைப் பார்க்கணும்ல. கண்மாய்ப் பக்கம் நான் ஒருத்தந்தான்.

ஒரு இழுப்பு இழுத்தா கயித்தைத் தளத்திக் குடுக்கணும், ரெண்டு இழுப்பு இழுத்தா தூக்கணும். ரெண்டு இழுப்பு வந்துச்சு. நான் என்ன, அந்தப் படத்துல வர்றவன் மாதிரி ஒடனே விட்டேனா. பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். நல்லாக் காலை ஊனிப் பிடிச்சுக்கிட்டு, பத்து எண்ணுனேன். ரெண்டு மடக்குத் தண்ணி குடிக்கட்டும், மேல வந்தா வாய் குறையும்னு எண்ணுனேன். வேற ஒரு கெட்ட நெனப்பும் கிடையாது, சத்தியமா. எட்டு வரைக்கும் கயிறு துடிச்சுச்சு. ஒம்பதுல நின்னு போச்சு. அந்தப் பக்கம் தண்ணி வந்துருச்சுன்னு பொம்பளைக குலவை போடுறாக. பத்து எண்ணி முடிச்சு இழுத்தேன், வரல, மலையைக் கட்டி இழுக்குற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் திரும்பி வர்றாக. கயிறு என் கையில இருந்தா, ஏன்டா தூக்கலன்னு கேப்பாகள்ல. அப்பத்தான்யா விட்டேன். விட்டுட்டு, குமிழிக்காரி குமிழிக்காரின்னு கத்துனேன். பத்து எண்ணிட்டு விட்டதுக்கும், எடுத்ததும் விட்டதுக்கும் வித்தியாசம் இல்லையா. அந்த வித்தியாசத்தை எழுதுங்கய்யா.

என்ன, பேனாவை மூடிட்டீங்க. எழுதி முடிச்சாச்சா. நான் இப்பச் சொன்னது வந்திருச்சா இல்லையா. சரி, படிச்சுக் காட்ட வேணாம், ஒங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. கையெழுத்தா, நமக்குக் கைநாட்டுத்தான். மை டப்பாவைத் தொறங்க. ஆம்பளைக்கு இடது கைப் பெருவெரல், தெரியும்.

இந்தாங்க. எதுக்குய்யா கையைத் திருப்புறீங்க, ரேகை வெரல்லதான இருக்கு. விடுங்க. எங்க அக்காவும் இப்படித்தான் பிடிச்சுப் பார்த்தா. கையை விடுங்கய்யா, விட்டுட்டு மையைத் தடவுங்க. ஆவணி பன்னெண்டுக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.